நகர அமைப்பு விளையாட்டுகளில் கிடங்கு எதற்காக?

கேள்வி: காட்பாடி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் பொறியியல் படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், 1998-இல் வெளியான, ரோமப் பேரரசுக் கால நகரம் கட்டும் சீசர் 3 விளையாட்டை ஆடத் தொடங்கியிருக்கிறேன். அன்னோ 1800, சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ் ஆகியவற்றையும் ஓரளவு ஆடியிருக்கிறேன். மூன்றிலும் கிடங்கு இருக்கிறது. மூன்றிலும் அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சீசர் 3-இல் களிமண் குழிக்குப் பக்கத்திலேயே பானைப் பட்டறையைக் கட்டினால், குழியிலிருந்து புறப்படும் வண்டி நேராகப் பட்டறைக்கே போய்விடுகிறது. நடுவில் ஒரு கிடங்கைக் கட்டினால் அதற்கு ஆறு வேலையாட்கள் வேண்டும். மூன்றுக்கு மூன்று கட்டம் நிலம் வேண்டும். சரக்கை ஒரு முறை இறக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். கிடங்கு எதையும் உற்பத்தி செய்வதில்லை. அப்படியிருக்க, அந்த ஆறு பேரையும் இன்னொரு பட்டறையில் அமர்த்தினால் பானை கூடுதலாகக் கிடைக்காதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது என் நகரத்தில் மூன்று கிடங்குகள் நிரம்பி வழிகின்றன. ஆனாலும் கிழக்குப் பகுதி வீடுகளுக்குப் பானை போய்ச் சேரவில்லை, வீடுகள் தரம் இறங்கிக்கொண்டே வருகின்றன. கிடங்குகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் களிமண்ணாகவே இருக்கிறது. நான்காவது கிடங்கு கட்டுவதா, இருப்பதை இடித்துவிடுவதா என்று தெரியவில்லை. விளையாட்டை வடிவமைத்தவர்கள் வழக்கத்துக்காக இதைச் சேர்த்தார்களா, அல்லது விநியோகச் சங்கிலியில் இதற்கென்று தனிப் பணி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி: ஆரணி கணக்கு ஆசிரியை

தம்பிக்கு வணக்கம். கிடங்கு இல்லாமலே சங்கிலி ஓடும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது, சங்கிலியின் முதல் கண்ணிக்கு மட்டுமே பொருந்தும். களிமண் குழியின் வண்டி பட்டறைக்கு நேராகப் போவது உண்மைதான். ஆனால் பட்டறையில் செய்து முடித்த பானையை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் சந்தைக்காரர்கள். சந்தையிலிருந்து கொள்முதலுக்குக் கிளம்பும் பெண் உணவுக்காகக் களஞ்சியத்துக்கும், பானை, எண்ணெய், மரச்சாமான் போன்றவற்றுக்காகக் கிடங்குக்கும் மட்டுமே போவாள். பட்டறை வாசலில் அவள் ஒருபோதும் நிற்பதில்லை. ஏற்றுமதிக்கு வரும் வணிகக் கூட்டமும் கிடங்கில்தான் சரக்கு எடுக்கும். பேரரசர் இத்தனை வண்டிச் சரக்கு அனுப்பு என்று ஓலை விடுத்தால், அதுவும் கிடங்கின் இருப்பிலிருந்தே கழியும். எனவே அந்த விளையாட்டில் கிடங்கை நீக்கினால் பானைகள் பட்டறையிலேயே தேங்கும்; வண்டிக்காரன் இறக்க இடமில்லாமல் வாசலில் நிற்பான்; அவன் திரும்பும்வரை பட்டறையும் நின்றுவிடும்.

இது அந்த ஒரு விளையாட்டின் விதி என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். ஆறு பட்டறைகளும் ஐந்து சந்தைகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு சந்தையோடும் நேரடித் தொடர்பு வைத்தால் முப்பது வழித்தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு கிடங்கை வைத்தால் ஆறும் ஐந்தும் கூடிப் பதினொன்றே போதும். ஏழாவது பட்டறை கட்டும்போது முதல் முறையில் ஐந்து புதிய தடங்கள் சேர்கின்றன. இரண்டாவது முறையில் ஒன்றே ஒன்று. நகரம் சிறிதாக இருக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது. அதனால்தான் ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடங்கு வீண்செலவாகத் தோன்றுகிறது.

ஆனால் வழித்தடங்களைக் குறைப்பதை விடவும் முக்கியமாக நான் கருதுவது, செய்பவரின் வேகமும் செலவழிப்பவரின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயத்தைக் கிடங்கு நீக்குகிறது என்பதைத்தான். சீசர் 3-ஐ உருவாக்கிய நிறுவனமே அடுத்த ஆண்டு, 1999-இல் உருவாக்கிய ஃபேரோ விளையாட்டில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நைல் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கும் வயல்கள் ஆண்டுக்கு ஒரே முறை, வெள்ளம் ஏறுவதற்குச் சற்று முன்பாக அறுவடையாகின்றன. மக்களோ பன்னிரண்டு மாதமும் சாப்பிடுகிறார்கள். ஓராண்டின் விளைச்சல் முழுவதும் சில நாட்களுக்குள் வந்து குவிகிறது. அதை வாங்கி வைக்கப் போதிய களஞ்சியம் இல்லையென்றால், விளைந்தும் பட்டினிதான். அங்கே வயல்களை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை; களஞ்சியத்தைப் பெருக்கினால்தான் ஊர் பிழைக்கும். நீங்கள் சொல்லும் அந்த ஆறு பேரை இன்னொரு வயலில் அமர்த்திப் பாருங்கள், மூன்றாம் மாதமே விடை தெரிந்துவிடும்.

சீசர் 3-இல் விளைச்சல் ஆண்டு முழுவதும் பரவலாக வருவதால் இந்த உண்மை சற்று மறைந்திருக்கிறது. இருந்தாலும் வேலையாள் பற்றாக்குறை, தீவிபத்து, பேரரசரின் ஆணை என்று ஏதேனும் ஒன்று சங்கிலியை அவ்வப்போது அறுத்துக்கொண்டே இருக்கும். அறுபட்ட இடம் சரியாகும்வரை மற்ற பகுதிகளுக்கு மூச்சு கொடுப்பது இருப்புதான்.


மறுமொழி: ராணிப்பேட்டைக் கிடங்குக்காரர்

ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது கிடங்கு நிரம்பியும் வீட்டுக்குப் பானை போகாததற்கு, விடை இன்னும் வரவில்லை. கிடங்கு தேவையா என்பதோடு நிறுத்தாமல், சங்கிலியின் எந்தக் கட்டத்தில் தேவை என்றும் கேட்க வேண்டும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் என் தொழிலிலிருந்தே விளக்குகிறேன்.

பச்சைத் தோலை வைத்திருக்க முடியாது. நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். ஆகவே உப்பிட்டுத்தான் மண்டிக்கே வரும். உப்பிட்ட தோலையும் நெடுநாள் நம்ப முடியாது. அதை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, முடி நீக்கி, குரோம் பதமிட்ட பிறகு நீல நிறத்தில் ஈரமாக ஒரு நிலைக்கு வரும். வெட் ப்ளூ என்று சொல்கிறோம். காய்ந்துவிடாமலும் பூஞ்சை பிடிக்காமலும் பார்த்துக்கொண்டால் அந்த நிலையில் மாதக்கணக்கில் வைக்கலாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தோல் என்ன நிறம், எவ்வளவு தடிமன், காலணிக்கா பைக்கா என்பதெல்லாம் அப்போது முடிவாகியிருக்காது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையிலிருந்து கறுப்பு கேட்டு ஆணை வந்தால் கறுப்புக்குப் போகும், பழுப்பு கேட்டால் பழுப்புக்குப் போகும். நிறம் ஏற்றி முடித்த தோலை அடுக்கி வைத்துவிட்டு, அந்த நிறத்துக்கு ஆணை வராவிட்டால் முடங்கிய பணம்தான். எனவே பெரிய இருப்பை வெட் ப்ளூ நிலையில் வைப்பதே எங்கள் வழக்கம். அதற்கு முன்னும் பின்னும் வைப்பது அன்றாடத் தேவைக்கு மட்டும்.

இதிலிருந்து நான் எடுக்கும் விதி இதுதான்: சரக்கு கெடாத நிலையிலும், பல வழிகளுக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்பும் இருப்பை வைக்க வேண்டும். அன்னோ 1800-இல் இரும்புத்தாதும் கரியும் சேர்ந்து எஃகு ஆகிறது. அந்த எஃகிலிருந்து உத்தரமும் செய்யலாம், ஆயுதமும் செய்யலாம். ஆகவே எஃகைச் சேர்த்து வைப்பதில் பொருள் உண்டு. சீசர் 3-இல் களிமண்ணால் பானையைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பிரியும் வழியே இல்லாத சரக்கைக் கிடங்கில் குவிப்பதால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது.

தீமையோ பெரிது. அந்த விளையாட்டின் கிடங்கில் ஒன்பது கட்டங்களில் ஒன்று அலுவலகம். மிச்சம் எட்டு அறைகள். ஓர் அறையில் ஒரே வகைச் சரக்கு நான்கு வண்டி கொள்ளும். களிமண் குழிகள் பட்டறைகளின் தேவைக்கு மேல் தோண்டிக்கொண்டே இருந்தால் மிகுதி கிடங்குக்கு வந்து ஒவ்வோர் அறையாகப் பிடித்துக்கொள்ளும். எட்டும் நிறைந்த பின் பானைக்கு இடமேது? தம்பியின் நகரத்தில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நான்காவது கிடங்கு கட்டினால் அதையும் களிமண்ணே நிரப்பும்.


காட்பாடி மாணவன்

ஆசிரியை அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. மூன்று கிடங்குகளில் இரண்டில் முழுக்கவே களிமண்தான்; மூன்றாவதில் இரண்டு அறைகளில் மட்டும் பானை இருக்கிறது. ஐயாவின் கணிப்பு பொருந்துகிறது. இதையொட்டி இன்னும் இரண்டு ஐயங்கள். இருப்பு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட வழி உண்டா? நகரத்தின் நடுவில் ஒரே பெரிய தொகுப்பாக வைப்பது நல்லதா, பல இடங்களில் பிரித்து வைப்பது நல்லதா? அன்னோவில் எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.


மறுமொழி: வேலூர்க் கோட்டைப் பக்கம்

நான் மென்பொருள் எழுதுபவன். இவ்வகை விளையாட்டுகளை நெடுங்காலமாக ஆடுகிறேன். இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன். அதற்கு முன் ராணிப்பேட்டை அண்ணன் சொன்னதில் ஒன்றோடு மாறுபடுகிறேன். மூலப்பொருள் இருப்பு எப்போதுமே வீண் என்று கொள்ள வேண்டாம். களிமண் குழி தொலைவில் இருந்து வண்டிப்பாதை நீளமாக இருந்தால், பட்டறைக்கு அருகே ஓர் அறை களிமண் இருப்பது பட்டறையை ஓயாமல் ஓட வைக்கும். சீசர் 3-இன் கிடங்கு வண்டிக்காரன் தேவைப்படும் பட்டறைக்குத் தானே மூலப்பொருளைக் கொண்டு போய்க் கொடுப்பான். தொல்லை களிமண் இருப்பதால் வருவதில்லை, அதற்கு வரம்பு இல்லாததால் வருகிறது. ஃபேரோவில் ஒரு சரக்கைக் கிடங்கின் கால் பங்கு வரை, அரைப் பங்கு வரை மட்டும் ஏற்றுக்கொள் என்று கட்டளையிடும் வசதி வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2014-இல் வந்த பேனிஷ்ட் விளையாட்டு வேறு வழியில் போகிறது: விறகு இவ்வளவு இருந்தால் போதும் என்று நாம் ஓர் எண்ணைக் குறித்தால், அந்த அளவு எட்டியதும் விறகு பிளப்பவர் வேலையை நிறுத்திவிடுவார். கிடங்கில் வரம்பு வைப்பதும் உற்பத்தியில் வரம்பு வைப்பதும் கடைசியில் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன.

இனி, எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. முதலில் சந்தைகள் மாதத்துக்கு எத்தனை வண்டிப் பானை எடுக்கின்றன என்று பாருங்கள். நான்கு என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஏதேனும் கோளாறு நேர்ந்தால் வரத்து எத்தனை மாதம் தடைபடக்கூடும் என்று மதிப்பிடுங்கள். ஐந்து மாதம் என்றால் இருபது வண்டி, அதாவது ஐந்து அறைகள். பேரரசரின் ஆணைக்கென்று இரண்டு அறைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு அறைகள், ஒரு கிடங்குக்கு உள்ளேயே முடிந்துவிட்டது. மூன்று கிடங்குகள் உங்களுக்கு எதற்கு?

இருப்பைப் பற்றி ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-இல் நிறுவிய ஒரு விதி உண்டு. நிலையாக ஓடும் எந்த அமைப்பிலும், சராசரி இருப்பு என்பது சராசரி வரத்து வேகத்தையும் ஒரு சரக்கு உள்ளே தங்கும் சராசரிக் காலத்தையும் பெருக்கி வருவது. கிடங்கில் இருபத்துநான்கு வண்டி இருந்து மாதத்துக்கு நான்கு வண்டி மட்டுமே உள்ளே வந்து வெளியே போகிறது என்றால், ஒவ்வொரு வண்டியும் அங்கே ஆறு மாதம் உறங்குகிறது. இருப்பை இரட்டிப்பாக்கினால் உறக்கம் பன்னிரண்டு மாதமாகுமே தவிர, மாதம் வெளியே போகும் நான்கு வண்டி ஐந்தாகாது. நிரம்பிய கிடங்கைக் கண்டு மகிழும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. விநியோகத்தைப் பொறுத்தவரை அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை இல்லை.

கிடங்கை இருப்பு வைக்கும் இடமாக மட்டும் பார்ப்பதை விட ஓர் அளவுமானியாகவும் பார்ப்பது நல்லது. எந்நேரமும் நிரம்பியே இருந்தால் அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது: எடுத்துப் போகும் சந்தை போதவில்லை, அல்லது தொலைவில் இருக்கிறது. எந்நேரமும் காலியாகவே இருந்தால் அடைப்பு மேலே: உற்பத்தி போதவில்லை, அல்லது வண்டி வந்து சேரவில்லை. ஏறியும் இறங்கியும் இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. கிடங்கே இல்லாத சங்கிலியில் பட்டறை நின்றுபோனால், காரணம் மேலேயா கீழேயா என்று தேடித் திரிய வேண்டும். விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கு இந்தப் பயன் மிகவும் பெரிது. ஆடுபவர் சொடுக்கிப் பார்த்ததும் நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. நிரல் எழுதுபவன் கோணத்திலும் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு வண்டியும் நகரத்தின் எல்லா வீடுகளின் தேவையையும் ஆராய்வதற்குப் பதிலாக, இடமுள்ள கிடங்கு எது என்று மட்டும் தேடினால் போதும்.

ஒன்றா பலவா என்பதற்கு விளையாட்டுக்கு விளையாட்டு விடை மாறும். அன்னோ 1800-இல் ஒரு தீவிலுள்ள கிடங்குகள் எல்லாமும் துறைமுகமும் ஒரே இருப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. வடகோடியில் இறக்கிய மரத்தைத் தென்கோடியில் அந்தக் கணமே எடுக்கலாம். உங்கள் நண்பர்கள் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் பண்ணையிலிருந்து கிடங்கு வரை வண்டி போய்த்தான் ஆக வேண்டும். ஒரு கிடங்கில் ஒரே நேரத்தில் சரக்கு இறக்கக்கூடிய வண்டிகளுக்கும் கணக்கு உண்டு. பல பட்டறைகள் ஒரே கிடங்கை நம்பியிருந்தால் வண்டிகள் வரிசையில் நிற்கும். அங்கே கிடங்கைப் பெருக்குவதும் தரம் உயர்த்துவதும் அந்த வரிசையைக் குறைக்கத்தான். கொள்ளளவுக்குத் துறைமுகத்தில் தனிச் சேமிப்புக் கட்டடங்கள் இருக்கின்றன.

சிட்டிஸ் ஸ்கைலைன்ஸில் 2018-இல் வந்த இண்டஸ்ட்ரீஸ் என்ற கூடுதல் தொகுப்புதான் கிடங்குக்கு உயிர் கொடுத்தது. நிரப்பு, காலி செய், சமநிலை என மூன்று நிலைகள். கிடங்கு இல்லாத நகரத்தில் மிகுதிச் சரக்கு லாரி ஏறி வெளியூருக்குப் போய்விடும். சற்று நேரத்தில் அதே சரக்கு போதாமல் வெளியூரிலிருந்து இறக்குமதியாகும். நெடுஞ்சாலையில் இரு பக்கமும் நெரிசல். அங்கே கிடங்கின் பணியில் பாதி சாலையைக் காப்பதுதான்.


மறுமொழி: ஆரணி கணக்கு ஆசிரியை

லிட்டில் விதியைக் கொண்டு வந்ததற்கு நன்றி. அதைச் சொல்ல நானே எண்ணியிருந்தேன். அன்னோ பற்றி மட்டும் ஒரு கருத்து. ஒரு தீவு முழுவதற்கும் ஒரே இருப்பு என்றானதும், எந்த ஊருக்கு எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று திட்டமிடும் வேலை தீவுக்குள் இல்லாமலே போய்விடுகிறது. அந்த வேலை தீவுகளுக்கு இடையிலான கப்பல் பாதைகளுக்கு மாறிவிடுகிறது என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், சந்தைக்காரப் பெண் கூடை சுமக்கும் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கும் சந்தைக்குமாக நடப்பதைப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு எனக்கு அதில் கிடைக்கவில்லை.


மறுமொழி: ராணிப்பேட்டைக் கிடங்குக்காரர்

வரம்போடு வைத்தால் களிமண் இருப்பும் நல்லது என்று வேலூர்த் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீசர் 3-இல் அந்த வரம்பைக் குறிக்க வழியில்லை. ஏற்றுக்கொள், ஏற்காதே, தேடி வாங்கி வா என்பவைதான் உண்டு. எனவே காட்பாடித் தம்பி இப்படிச் செய்து பார்க்கலாம். கிழக்குப் பகுதிச் சந்தைக்கு அருகில் இருக்கும் கிடங்கைப் பானைக்கு மட்டும் ஒதுக்கி, களிமண் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்காதே என்று குறித்துவிடுங்கள். குழிக்குப் பக்கத்திலுள்ள கிடங்கு களிமண்ணுக்கே இருக்கட்டும். அது நிறைந்தால் குழிகள் தாமாக நிற்கும், அது நல்லதே. மூன்றாவதில் இருக்கும் களிமண் தீரும்வரை அங்கும் களிமண்ணை ஏற்காதே என்று வையுங்கள். பட்டறைகள் மெல்ல மெல்லத் தின்று முடித்துவிடும்.

தேடி வாங்கி வா என்ற கட்டளையை மட்டும் அளவோடு கையாளுங்கள். ஒரு கிடங்குக்கு ஒரே வண்டிக்காரன்தான். அவன் ஊரின் மறுகோடிக்குப் பானை வாங்கப் போயிருக்கும் நேரத்தில் பட்டறைக்குக் களிமண் கொடுக்க ஆளிருக்காது. அந்தக் கட்டளையைப் பட்டறைக்குச் சரக்குத் தரும் கிடங்கில் இடாமல், கிழக்குக் கிடங்கில் மட்டும் பானைக்கு இடுங்கள். அங்கே அவனுக்கு வேறு வேலை இல்லை.


காட்பாடி மாணவன்

அப்படியே மாற்றியிருக்கிறேன். கிழக்குக் கிடங்கின் முதல் அறைக்குப் பானை வந்துவிட்டது. சந்தைக்காரப் பெண் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் மேற்குக் கிடங்குக்கே போகிறாளா, அல்லது சந்தைக்கு வேலையாட்கள் குறைவா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


மறுமொழி: வேலூர்க் கோட்டைப் பக்கம்

முதலில் சந்தையின் வேலையாள் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆள் குறைந்தால் கொள்முதலுக்குக் கிளம்புவதும் குறையும். மூன்று கிடங்குகளில் ஒன்றை இடித்தால் மிஞ்சும் ஆறு பேர் அங்கே பயன்படுவார்கள்.